மரத்தைப் பார்த்து வாங்குங்கள்: மொறிஸ் மைனர் ட்ரவலர் கேள்வி – பதில்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஒரே காரைப் பற்றியவை. மொறிஸ் மைனரின் ஸ்ரேசன் வாகன் வடிவமான ட்ரவலர் 1953 ஒக்ரோபரில் வெளிவந்தது. 1971 ஏப்ரல் வரை இங்கிலாந்தில் உற்பத்தியானது. முதலில் 803 சிசி, 1956 முதல் 948 சிசி, 1962 பிற்பகுதி முதல் 1098 சிசி என்று மூன்று எஞ்சின்கள் அதில் வந்தன. கேள்வி கேட்பவர்கள் தங்கள் கார் இவற்றில் எது என்பதையும் எழுதினால் பதில் சரியாக அமையும்.

கொக்குவிலில் ஒருவர் 1961ஆம் ஆண்டு ட்ரவலர் ஒன்றை விற்கிறார். பின்பக்க மரம் எல்லாம் புது வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருக்கிறது. எஞ்சின் முதல் இழுப்பிலேயே ஸ்ராட் ஆகிறது. முற்பணம் கொடுத்துவிடலாமா?
க. சி., கோண்டாவில்

பொறுங்கள். எஞ்சின் ஸ்ராட் ஆவதும் மரம் மினுங்குவதும் இந்தக் காரை வாங்குவதற்குக் காரணங்கள் அல்ல. ட்ரவலரில் முன்கதவுகளுக்குப் பின்னால் தெரியும் மரம் அலங்காரத்துக்கு ஒட்டியது இல்லை. பின்கூரை, பக்க அலுமினியத் தகடுகள், தள்ளு கண்ணாடிகள், பின்னால் இரண்டாகத் திறக்கும் கதவுகள் எல்லாவற்றையும் அந்த ஆஷ் மரச் சட்டம்தான் தாங்குகிறது. எஞ்சினைத் திருத்த ஊருக்கு ஊர் கராஜ் உண்டு. சட்டம் மாற்றத் தெரிந்த தச்சரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் மரம் முதலில், அடித்தட்டு இரண்டாவது, எஞ்சின் கடைசி. பார்க்கும் ஒழுங்கு இதுதான்.

புது வார்னிஷ் என்றாலே சந்தேகம் கூட வேண்டும். ஒரு கூரிய ஊசி, சிறு ரோர்ச், துணி சுற்றிய காந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு ஊசியை வெளியே தெரியாத இடங்களில் அழுத்திப் பாருங்கள். நல்ல ஆஷ் மரத்தில் ஊசிமுனை ஒரு மில்லிமீற்றர்கூட இறங்காது. உக்கிய மரத்தில் வெண்ணெய்க்குள் போவதுபோல இறங்கும். புட்டி அடைத்திருந்தால் ஊசி இறங்காது. ஆனால் அந்த இடத்தில் மரத்தின் வரிகள் திடீரென்று நின்றுவிடும். ரோர்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் அது தெரியும்.

எங்கே அழுத்துவது? தள்ளு கண்ணாடிகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டம்தான் முதலில் போகும் இடம். கண்ணாடி ஓடும் தவாளிப்பில் மழைநீர் தேங்கும், பாசி பிடிக்கும், நீர்போகும் சிறு துளைகள் அடைபடும். ஈரம் அப்படியே கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். அடுத்தது பின்சில்லுக்கு மேலுள்ள வளைவுத் துண்டு. இரும்பு மட்காட் மரத்தோடு சேரும் இடத்தில் சேறு ஒட்டிக்கொண்டு காயாமல் கிடக்கும். மூன்றாவது, நிலைத்தூண்களின் அடிப்பாகம், குறிப்பாகப் பின்மூலைத் தூண்கள். நான்காவது, பின்கதவுகளின் கீழ்ச்சட்டம். மூட்டுகளைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அங்கே நீர் புகுந்திருக்கிறது. கறுப்பு மட்டும் என்றால் பிழையில்லை, வெளுக்க வைக்கலாம். கறுப்போடு மென்மையும் இருந்தால் அந்தத் துண்டு மாற்ற வேண்டியது.

பிறகு பின்கதவு ஒன்றைத் திறந்து, மூலைத்தூணைத் தோள் உயரத்தில் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். கார் முழுவதும் ஸ்பிறிங்கில் ஆடினால் நல்லது. கூரை மட்டும் ஆடி அடித்தட்டு அசையாமல் இருந்தால் மூட்டுகள் விட்டுப்போய்விட்டன. கதவு இடைவெளி மேலே ஒரு விரல், கீழே அரைவிரல் என்று இருந்தாலும் அதே பொருள்தான்.

காந்தத்தை முன்பக்க இரும்பில் ஓட்டுங்கள்; பிடிக்காத இடத்தில் புட்டி இருக்கிறது. பின்மட்காட் தவிர, மரத்துக்கு இடையிலுள்ள பின்பக்கத் தகடுகள் அலுமினியம். அங்கே ஒட்டாது, ஒட்டவும் கூடாது. ஒட்டினால் யாரோ இரும்புத்தகடு அடித்திருக்கிறார்கள். அதன் விளிம்பில் மரத்தின் ஈரம் பட்டுக் கறள் தொடங்கியிருக்கும்.

இனி அடித்தட்டு. காரைக் குழியில் ஏற்றாமல் விலை கதைக்க வேண்டாம். முன்சீற்றுகளுக்குக் கீழே காருக்குக் குறுக்காக ஒரு பெட்டிச் சட்டம் போகிறது. முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அதில்தான் பூட்டியிருக்கிறது. அதன் இரு நுனிகளும் ஜக் வைக்கும் இடங்களும் கறள் தின்னும் இடங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், கறள் தின்றது மந்தமாக ஒலிக்கும். கதவடி உள்சட்டம், பின் ஸ்பிறிங்கின் முன்முனை பூட்டும் இடம், சாரதியின் காலடித்தட்டு ஆகியவற்றையும் இப்படியே தட்டுங்கள். புதிதாகத் தார் அடித்த அடித்தட்டு என்றால், சுரண்டிப் பார்க்க விடாத காரை விட்டுவிடுங்கள்.

குறுக்குச் சட்டமும் மரமும் இரண்டுமே போயிருந்தால், சும்மா தந்தாலும் அது விலை கூடிய கார். மரம் நன்றாக இருந்து கதவடி மட்டும் போயிருந்தால் பயமில்லாமல் வாங்கலாம். அந்தத் தகடுகளை வெட்டிப் பற்றவைக்க நல்ல ரிங்கர்காரர் ஒருவர் போதும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் மொறிஸ் மைனர் என்று மட்டும் இருக்கிறது. பார்த்த கார் உண்மையான ட்ரவலரா, வானை வெட்டி மரம் அடித்ததா என்று எப்படி அறிவது?
த. ம., வவுனியா

பொனற்றைத் திறந்து, பின்பக்கச் சுவரில் உள்ள சிறு தகட்டைப் பாருங்கள். 1950களின் இறுதிக்குப் பிந்திய காரில் இலக்கம் எம்ஏடபிள்யூ என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும். டபிள்யூ என்பது ட்ரவலருக்கு உரியது. அதற்குப் பின்னால் 3 வந்தால் 948 சிசி காலத்துக் கார், 5 வந்தால் 1098. வான் என்றால் டபிள்யூ இடத்தில் வி, பிக்கப் என்றால் யு வரும். தகடுகளைக் கழற்றி மாற்றியவர்களும் உண்டு. ஆகவே கீழே குனிந்தும் பாருங்கள். வானுக்கும் பிக்கப்புக்கும் முன்னிருந்து பின்வரை தனிச் சேசிஸ் உண்டு. ட்ரவலரின் முன்பாதி சலூன் கார்போலச் சேசிஸும் உடலும் ஒன்றாகப் பற்றவைத்தது. இதை யாராலும் மறைக்க முடியாது.

எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 948 எஞ்சினில் ஏபிஜேஎம் அல்லது 9எம் என்றும், 1098 எஞ்சினில் 10எம்ஏ அல்லது 10எம்இ என்றும் தொடங்கும். வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால், அது மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகிப் புத்தகத்தில் ஏறிய பிறகே பணம் கைமாற வேண்டும்.

எங்கள் ட்ரவலரின் இடதுபக்கச் சட்டம் முழுக்க உக்கிவிட்டது. ஆஷ் மரம் இங்கே கிடையாது. தேக்குப் போடலாம் என்கிறார் தச்சர். போடலாமா? எப்படிச் செய்விப்பது?
செ. ந., மட்டக்களப்பு

போடலாம், ஆனால் தேக்கின் குணம் தெரிந்து போட வேண்டும். ஆஷ் மரத்தின் பலம் அதன் நெளிவும் அதிர்ச்சி தாங்கும் தன்மையும். அதன் பலவீனம், ஈரத்தில் சீக்கிரம் உக்கிவிடுவது. தேக்கு நேர் எதிர்: உக்காது, கறையானுக்கும் லேசில் விழாது, ஆனால் அடிபட்டால் வெடிக்கும். அதில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பிசினும் சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்றுமுன் மூட்டின் முகங்களைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் நிற்கும்.

நம் நாட்டு மரங்களில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது சமண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். வண்டிச் சட்டங்களுக்கும் வள்ளங்களுக்கும் பயன்பட்ட மரம். நார் நேராக ஓடும், நெளிந்து கொடுக்கும். ஆஷைவிடப் பாரம் கூட, அது ஒன்றுதான் குறை. நிலைத்தூண்களுக்கும் சில்லு வளைவுக்கும் சமண்டலை, கண்ணாடிக்குக் கீழ்ச்சட்டத்துக்கும் கதவின் கீழ்ச்சட்டத்துக்கும் தேக்கு என்று கலந்து போடுவது என் கணிப்பில் நல்ல வழி. அடி வாங்கும் இடத்துக்கு ஒன்று, நீர் நிற்கும் இடத்துக்கு ஒன்று. எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். பச்சை மரத்தில் செய்த மூட்டு அடுத்த கோடையில் வாய் திறக்கும்.

வேலை ஒழுங்கு: காரைச் சமதரையில் நிறுத்தி, கதவடிக்குக் கீழே நான்கு இடத்தில் முட்டுக் கொடுங்கள். பின்கூரைக்கு உள்ளிருந்து இரண்டு முட்டு. எதையும் கழற்றுமுன் பின்கதவு வாயின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வலதுபக்கத்தைத் தொடவே வேண்டாம்; அதுதான் உங்கள் மாதிரி. இடது பின்மட்காட், கண்ணாடிகள், உள்மறைப்புகள், அலுமினியத் தகடு என்ற ஒழுங்கில் கழற்றுங்கள். தகடு மெல்லிய ஆணிகளால் அடிக்கப்பட்டிருக்கும். நெம்பி இழுத்தால் நெளிந்துவிடும். ஒவ்வோர் ஆணியாகத் தலையை எடுத்துக் கழற்ற வேண்டும். உக்கிய துண்டுகளை எறிய வேண்டாம். தூளானதைக்கூடப் பலகையில் பரப்பி வைத்து, அதன்படி ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டி, தச்சர் அந்த அச்சிலிருந்துதான் மரம் வெட்ட வேண்டும்.

மூட்டுகள் பழையபடி கழுந்தும் துளையுமாகவே இருக்கட்டும். தட்டையாக வைத்து ஸ்குரூ அடித்துவிடலாம் என்று தச்சர் சொன்னால் மறுத்துவிடுங்கள். கூரையின் ஆட்டத்தை ஸ்குரூ தாங்காது, துளையைப் பெருப்பித்துக்கொண்டு கழன்று வரும். எல்லாத் துண்டும் வெட்டியபின் பிசின் இல்லாமல் ஒருமுறை முழுக்கப் பூட்டி, பின்கதவையும் மாட்டி, மூலைவிட்ட அளவைச் சரிபாருங்கள். கதவு தானாக மூடித் தானாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் கார்களில்தான் ஒட்டியபின் கதவு மூடாமல் நிற்கும்.

சரியென்றால் திரும்பக் கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு முகங்களிலும் இரண்டு முனைகளிலும் மரப்பூச்சு இரண்டு தரம் பூசுங்கள். ஒட்டும் முகங்களை மட்டும் விட்டுவிடுங்கள். நீர் அதிகம் குடிப்பது வெட்டுமுனைதான், அது நிலத்தைப் பார்த்து நிற்கும் இடத்தில் மூன்றாவது தரமும் கொடுக்கலாம். ஒட்டுவதற்கு எப்பொக்சி. தளபாடத்துக்குப் பூசும் வெள்ளைப் பிசின் ஈரத்தில் விட்டுவிடும். ஸ்குரூக்கள் பித்தளை அல்லது துருவேறா உருக்கு. சாதாரண இரும்பு ஸ்குரூவைச் சுற்றி ஆஷும் தேக்கும் கறுக்கும். அலுமினியத் தகடு மரத்தில் அமரும் முகத்தில் இறுகிப்போகாத அடைப்புப் பசை தேய்த்துவிட்டுத் தகட்டை வையுங்கள். நீர் புகாமல் காப்பது அந்தப் பசைதான், ஆணி அல்ல.

நல்ல மரம், ஆனால் கறுத்துப்போய் வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. எதைப் பூசுவது?
ர. வி., சாவகச்சேரி

கடும் பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். வெயிலில் அது வெடிக்கும், வெடிப்பால் நீர் உள்ளே போகும், உள்ளே போன நீர் வெளியே வர வழியிருக்காது. மரம் வார்னிஷுக்குக் கீழேயே உக்குவது இப்படித்தான். ஆவி வெளியேற இடம்விடும் வகை மரப்பூச்சுகள் உண்டு. ஜன்னல் கதவுகளுக்கு வெளிப்புறம் பூசுவதற்கென்று விற்பவை அவை. அவற்றையே வாங்குங்கள்.

பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, 80 இலக்க மணற்றாளும் பிறகு 120 இலக்கமும் மரவரியின் திசையில் தேய்க்கவும். கறுப்பு நிற்கும் இடங்களுக்கு ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 100 கிராம் ஒக்சாலிக் அமிலத் தூள் கரைத்துத் தூரிகையால் பூசி, வெளுத்ததும் நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அது நஞ்சு. கையுறையும் மூக்கு மறைப்பும் இல்லாமல் தொடக்கூடாது, காய்ந்த தூளைத் தேய்த்துப் பறக்கவிடவும் கூடாது. அலுமினியத்தை முன்கூட்டியே ஒட்டுத்தாளால் மூடுங்கள். மரம் முழுக்கக் காய மழையில்லாத ஒரு கிழமையாவது விடுங்கள். பிறகு மெல்லியதாக மூன்று தரம், தரத்துக்கு ஒரு நாள் இடைவெளி. வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்க முன், கழுவித் துடைத்து ஒருதரம் பூசினால் போதும். திரும்பச் சுரண்டும் வேலை வராது. அதே நாளில் கண்ணாடித் தவாளிப்பின் பாசியைப் பழைய பல்துலக்கியால் எடுத்து, நீர்போகும் துளைகளில் மெல்லிய கம்பி விட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், சட்டத்தின் ஆயுள் அதில் இருக்கிறது.

மொறிஸ் மைனரின் முன்சில்லு திடீரென்று மடிந்து விழும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
பெ. யோ., திருகோணமலை

உண்மை. ஆனால் திடீரென்று அல்ல. கிறீஸ் அடிக்காமல் விட்ட பல மாதங்களின் முடிவு அது. முன்சில்லைத் தாங்கும் நிலைக்கம்பியின் கீழ்முனை மரைபோட்ட ஒரு பித்தளை நிறக் கட்டைக்குள் திருகியிருக்கிறது. ஸ்ரேரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரையே சுழல்கிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து மெலியும். ஒருநாள் மெதுவாக வெட்டித் திருப்பும்போது மரை பிய்ந்து சில்லு உள்ளே மடியும். ஓடும் வேகத்தில் நடப்பதைவிடக் கார் நிறுத்தும் இடத்தில் நடப்பதுதான் அதிகம் என்பது ஓர் ஆறுதல், ஆனால் அதை நம்பியிருக்க முடியாது.

சோதிக்க: முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, கட்டை முட்டுக் கொடுத்து, ரயருக்குக் கீழே ஒரு கடப்பாரை வைத்து மேல்நோக்கி நெம்புங்கள். இன்னொருவர் கீழ்மூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பி கட்டைக்குள் மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். வலதும் இடதும் வேறு வேறு மரை. ஒன்றின் சாமானை மற்றதில் பூட்ட முடியாது.

காக்க: 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மேல், கீழ் இரண்டு மூட்டுக்கும் கிறீஸ். சில்லு நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. உயர்த்தித் தொங்கவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். வெள்ளத்தில் ஓடினால் கணக்குப் பார்க்காமல் அடுத்த நாளே அடியுங்கள்.

முன் ஷொக் அப்சோபரையும் சேர்த்தே பாருங்கள். அதன் கைதான் முன்சில்லின் மேற்கையும். ஒயில் கசிந்து கை ஆடினால் சில்லே ஆடுகிறது என்று பொருள்.

எங்கள் 948 சிசி ட்ரவலர் தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது ஏற்றத்தில் இழுவை இல்லை, வெயிலில் சூடேறுகிறது. 1275 சிசி எஞ்சின் ஏற்றச் சொல்கிறார்கள்.
இ. கு., சுன்னாகம்

வடக்குக்குப் பெற்றோல் வராத தடைக்காலத்தில், ஒரு துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களில் பொதுவாக இரண்டு கேடு இருக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் றிங்கும் பெயாரிங்கும் தேயும். வால்வுகளில் கரி கெட்டியாகப் படிந்திருக்கும்.

எஞ்சின் மாற்ற முன், அமுக்கமானியால் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுக்க மிதித்தபடி சுழற்ற வேண்டும். நான்குக்கும் இடையே 10 வீதத்துக்குமேல் வேறுபாடு இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள்: அமுக்கம் ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால், குறிப்பாக 2ஆவதும் 3ஆவதும், ஹெட் காஸ்கற். வால்வு வேலைக்காக ஹெட்டைக் கழற்றினால், எக்சோஸ்ற் வால்வு இருக்கைகளைக் கடின உலோகத்தில் மாற்றிவிடுங்கள். ஈயம் கலந்த பெற்றோலை நம்பி வார்த்த இரும்பு அது. இன்றைய பெற்றோலில் மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். பூட்டியபின் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மிமீ, பொயின்ற் 0.40 மிமீ, பிளக் 0.64 மிமீ. ஒயில் 20டபிள்யூ-50, வடிகட்டியோடு சேர்த்து 3.7 லீற்றர் அளவில் பிடிக்கும்.

சூடேறுவதற்கு உங்கள் கிணற்றைப் பாருங்கள். குடாநாட்டின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது. கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றர்க் குழாய்களிலும் எஞ்சினுக்குள்ளும் படியும். றேடியேற்றரைக் கழற்றி உள்ளே குத்தித் துப்புரவாக்குவியுங்கள். எஞ்சின் பிளொக்கின் பின்பக்கம் ஒரு நீர்த் திருகு இருக்கிறது. அதைக் கழற்றினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. கம்பியால் குத்தினால் களிமண்போலக் கறள் வரும். தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். 4ஆவது சிலிண்டர் வேகுவது அந்தச் சேற்றால். நிரப்புவதற்கு வடித்த நீர், இல்லையேல் வடிகட்டிய மழைநீர், அதோடு கூலன்ற். தேமோஸ்ரற்றைப் பிடுங்கி எறிவது தீர்வல்ல. நல்லது ஒன்று வாங்கிப் போடுங்கள். நீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள குட்டி றபர்க் குழாயையும் அப்போதே மாற்றுங்கள். மடிப்பு மடிப்பான வகை வாங்கினால் பம்பைக் கழற்றாமலே அமுக்கிச் செருகலாம்.

இத்தனைக்கும் பிறகும் இழுவை போதாது என்றால் 1098 எஞ்சின், அதன் கியர்பொக்ஸோடு சேர்த்து ஏற்றுங்கள். வரிவரியாக விலா உள்ள கியர்பொக்ஸ் அது, 948இன் வழுவழுப்பான பெட்டியைவிடப் பலமானது. பின் அச்சின் பல்விகிதத்தையும் 4.55இல் இருந்து 4.22 ஆக மாற்றினால், அதே வேகத்துக்கு எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 7 வீதம் குறையும். ஏ9 பாதையில் அது காதுக்குத் தெரியும். 1275 நல்ல எஞ்சின்தான், மொறிஸ் மரீனாவில் வந்தது. ஆனால் பிறேக்கை மாற்றாமல் அதை ஏற்ற நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பிறேக்கைப் பற்றித்தான் கேட்கிறேன். மிதி பாதிவரை போகிறது. டிஸ்க் போடுவதா?
ஜெ. அ., கண்டி

முதலில் உள்ளதைச் சரிப்படுத்துங்கள். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சரிப்படுத்திகள், பின்சில்லில் ஒவ்வொன்று. பலர் முன்னால் ஒன்றை மட்டும் திருகிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். மிதி பாதிவரை போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் அது. சில்லைக் கழற்றி, டிரம்மின் துளைவழியே ஸ்குரூ ட்ரைவர் விட்டு, டிரம் பூட்டுப்படும்வரை வலப்புறம் திருகி, ஒரு பல் பின்னால் எடுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் பிரதான சிலிண்டர். அது சாரதியின் காலடித்தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் தெரியும் றபர் மூடிவழியாகத்தான் எண்ணெய் பார்க்க வேண்டும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. கழற்றும்போது அதன் போல்ற் முறுக்குக் கம்பியில் முட்டி வெளியே வராது. கம்பியை இறக்கிக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டும்போது போல்ற்றை மறுபக்கமிருந்து விட்டுவிட்டால் அடுத்தமுறை அந்தப் பாடு இல்லை.

உங்கள் கார் 948 என்றால் முன் டிரம் 7 அங்குலம். 1098இல் 8 அங்குலம். கண்டியின் இறக்கங்களுக்கு, 1098இன் முன் டிரம்மை அதன் பின்தட்டோடு சேர்த்து எடுத்துப் பூட்டுவதே மலிவான நல்ல மேம்பாடு, அப்படியே பொருந்தும். 1275 ஏற்றியவர்களுக்கு டிஸ்க் அவசியம். சேர்வோ மட்டும் பூட்டினால் மிதி இலேசாகும், தேய்ந்த டிரம் தேய்ந்ததாகவே இருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு ட்ரவலர் வாங்க நினைக்கிறேன். 40 வருடம் கடந்த காருக்கு எம்ஓடி என்ற வருடாந்த வாகனச் சோதனை தேவையில்லை என்கிறார்களே, அப்படியென்றால் கவலை இல்லைதானே?
வாசகி, ஹரோ

பெரிய மாற்றங்கள் செய்யாத, 40 வருடம் கடந்த கார்களுக்கு 2018 மே முதல் அந்த விலக்கு உண்டு. ஆனாலும் வாங்க முன் விற்பவரின் செலவிலோ உங்கள் செலவிலோ ஒரு எம்ஓடி செய்வியுங்கள். ட்ரவலரின் மரத்தை உடலமைப்பின் பகுதியாகவே சோதிப்பார்கள், உக்கியிருந்தால் சித்தியடையாது. அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால் விலை கதைக்க வசதி. அங்கே குளிர்காலப் பாதைகளில் போடும் உப்பு அடித்தட்டைத் தின்னும், ஆகவே மேலே சொன்ன குறுக்குச் சட்டத்தை இன்னும் கவனமாகத் தட்டுங்கள். பெற்றோல் நிலையத்தில் சாதாரண ஈ10 (10 வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல்) வேண்டாம். ஈ5 உள்ள சூப்பர் வகை அடியுங்கள், பழைய றபர்க் குழாய்கள் எல்லாவற்றையும் எதனோல் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். உதிரிப்பாகத்துக்கு உங்களுக்குக் குறைவில்லை, முழு மரச் சட்டமே செய்து விற்கிறார்கள். 1990களில் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்கு இலங்கையிலேயே தகடுகளும் சாமான்களும் செய்து அனுப்பினார்கள் என்பதும் நம்மவர்கள் அறிய வேண்டியது.

மூன்றாம் கியர் இறக்கத்தில் தானாகக் கழன்றுவிடுகிறது.
சி. பா., பதுளை

948இன் கியர்பொக்ஸுக்கு அது தெரிந்த வருத்தம். கியர்பொக்ஸின் றபர்த் தாங்கிகள் கிழிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை நல்லதென்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. திறந்து திருத்துவதைவிட 1098இன் பெட்டி தேடுவது இலாபம்.

டைனமோவை எடுத்துவிட்டு ஒல்ரனேற்றர் பூட்ட என்ன செய்ய வேண்டும்?
ந. தி., மன்னார்

லூக்காஸ் டைனமோ உச்சமாகத் தருவது 22 அம்பியர். இரவில் விளக்கு, வைப்பர், கோர்ன் எல்லாம் சேர்ந்தால் பற்றரிதான் இழக்கும். மாற்றுவது நல்லது. ஆனால் உங்கள் காரில் பற்றரியின் நேர்முனை உடலோடு பூட்டியிருக்கும். ஒல்ரனேற்றருக்கு எதிர்முனை உடலில் இருக்க வேண்டும். அதைத் திருப்பாமல் பூட்டினால் டயோட்டுகள் அந்த நொடியே எரிந்துபோகும்.

பற்றரியைக் கழற்றித் திருப்பி வையுங்கள். இரு முனைகளும் ஒரே பருமன் இல்லை, வயர்த் தலைகளை மாற்ற வேண்டியிருக்கும். கொயிலின் இரண்டு மெல்லிய வயர்களை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் கார் ஓடும், பொறி பலவீனமாக இருக்கும். பெற்றோல் பம்பின் பழைய பொயின்ற் வகை எந்தப் பக்கமும் வேலை செய்யும். உள்ளே இலத்திரனியல் சுற்று வைத்த புதிய பம்பு என்றால் முனை பார்த்துத்தான் வாங்க வேண்டும். றேடியோவும் அப்படியே. பழைய றெகுலேற்றர்ப் பெட்டியில் ஏ, ஏ1 வயர்களை ஒன்றாக்கி ஒல்ரனேற்றரின் தடித்த வெளியீட்டோடு சேருங்கள். எச்சரிக்கை விளக்கின் வயர் ஒல்ரனேற்றரின் சிறுமுனைக்குப் போகட்டும். தடித்த வயரைப் புதிதாகவே இழுங்கள்; 22 அம்பியருக்கென்று போட்ட பழைய வயரில் 35 அம்பியர் ஓடினால் அது உருகும். டைனமோவையே வைத்துக்கொண்டு முனையை மட்டும் மாற்றுபவர்கள், எஞ்சின் நிற்கும்போது, பற்றரியின் உயிர்முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் முனையில் இரண்டு மூன்று தரம் தொட்டெடுக்க வேண்டும். தொடும்போது எஃப் முனையின் பழைய வயர் கழன்றிருக்கட்டும்.